படம் வந்தால் பச்சை

இந்தக் காலத்தில் எவனும் ஆள் முகத்தைப் பார்த்து, வேலை முடிந்ததா என்று கேட்பதில்லை. கைபேசியைத் தடவுகிறான், பச்சை தெரிந்தால் அடுத்த வேலைக்குத் தாவிவிடுகிறான். எல்லோரும் 'முரண்டு' என்று கூப்பிடும் சுவிட்ச் அறைக் கிழவருக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அன்று பகல் பதினொரு மணிக்கு அவருடைய கைபேசி கிணுகிணுத்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். 'லிஃப்ட் பழுது: முடிந்தது. உங்கள் வேலை: மின்சாரம் போடவும்.'

லிஃப்ட் பள்ளத்தில் இறங்கியிருந்தது அவர் மகளின் புருஷன். மின்சாரம் வந்த மறுநொடி, மூன்றாவது மாடியில் நிற்கும் பெட்டி தானாகக் கீழே வரும். மருமகனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

சூப்பர்வைசர் விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"என்ன பெரியவரே, இன்னும் போடலையா? பச்சையாகி அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். காலு தேஞ்சா போயிடும்?"

"அவர் முடிச்சிட்டாருன்னு சிஸ்டம் சொல்லுதுல்ல?"

"'வெளிய வந்துட்டேன்'னு மாப்ள வந்து சொல்லணும். உங்க சிஸ்டத்துக்கா நான் பொண்ணு குடுத்தேன்?"

அவள் கை சுவிட்சை நோக்கி நீண்டது. கிழவர் சட்டென்று ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உங்க மேல புகார் எழுதுவேன்."

"எழுதுங்க. படிச்சு முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகும்."

சொல்லிவிட்டுக் கீழ்த்தளத்துக்கு ஓடினார். அவளும் பின்னாலேயே வந்தாள். பள்ளத்தில் எட்டிப் பார்த்தபோது இரண்டு கால்கள்தான் தெரிந்தன. அசையவில்லை.

"மாப்ள."

"என்ன மாமா?" மல்லாந்து கிடந்த மருமகன் தலையைத் தூக்கினார். இரண்டு கையிலும் கிரீஸ்.

"முடிஞ்சதுன்னு சொன்னீங்களா?"

"நானா? ஒடஞ்ச போல்ட்டைப் படம் எடுத்து அனுப்பினேன், இதே மாதிரி ஒண்ணு வேணும்னு. அது வரட்டும்னுதான் படுத்திருக்கேன்."

சூப்பர்வைசரின் முகம் வெளிறிப் போயிற்று. படம் வந்து சேர்ந்தால் வேலை தானாகவே 'முடிந்தது' என்று மாறும்படி போன வாரம் அமைத்தவள் அவள்தான். என்ன படம் என்று சிஸ்டம் பார்ப்பதில்லை.

"இனிமே ரெண்டு படம் கேக்குற மாதிரி மாத்திடறேன் பெரியவரே," என்றாள் தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஒடஞ்சதுக்கு ஒண்ணு, சரிபண்ணதுக்கு ஒண்ணு. அப்புறம்தான் பச்சையாகும்."

"ரெண்டையும் உள்ள படுத்துக்கிட்டே எடுக்கலாமேம்மா."

அவள் மறுபடியும் விளக்கத் தொடங்கினாள். கிழவர் காது கொடுக்கவில்லை.

"மாப்ள, போல்ட்டு நான் எடுத்துட்டு வரேன்," என்று பள்ளத்துக்குள் குரல் கொடுத்துவிட்டு, வாய்க்குள் முணுமுணுத்தபடியே படியேறிப் போனார்.