அண்ணியின் நம்பர் போட்ட பதிவு

"மறைச்சாச்சு, மறைச்சாச்சுன்னு எத்தனை தடவைம்மா சொல்வே? இப்பகூட ஒருத்தன் கூப்பிட்டு, என்னையே ஊசி போட்டுக் கொல்லணும்ங்கிறான்!"

அலுவலகத்துக்கே வந்துவிட்ட நாத்தனாரைப் பார்த்து மாடரேட்டருக்குத் தலை சுற்றியது. நாத்தனார் கால்நடை மருத்துவர். நோயில் செத்துப்போன நாயின் சொந்தக்காரன் ஆத்திரத்தில், "நல்ல நாய்களை விஷ ஊசி போட்டுக் கொல்கிறவள், கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று அவள் நம்பரோடு எழுதிவிட்டான். எழுதிய இடம்தான் வம்பு. பிளாக்செயின் வலை அது. எழுதியது ஊரெங்கும் உள்ள கணினிகளில் நகலாகிவிடும். எழுதியவனே நினைத்தாலும் அழிக்க முடியாது.

அந்த வலையில் வருவதைக் காட்டும் ஆப் ஒன்றில் மாடரேட்டருக்கு வேலை. வசவு, மிரட்டல் எல்லாவற்றையும் படித்துத் தொலைத்து, தங்கள் ஆப்பில் தெரியாமல் மறைப்பாள். அடுத்த ஆப்பில் அது ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

"மத்த ஆப்காரங்க கால்ல விழாத குறையாக் கேட்டு மறைக்க வெச்சிட்டேன் அண்ணி. ஒருத்தர்தான் மசிய மாட்டேங்கிறார்."

அந்த ஒருத்தருக்கு மாடரேட்டரின் அலுவலகத்தில் வைத்த பெயர் 'சுதந்திரம்'. யார் எதைப் பேசலாமென்று தீர்மானிக்க நான் யார், வேண்டுமானால் ஓட்டுக்கு விடுங்கள் என்பார். மறைக்கலாமா என்று மாடரேட்டர் ஓட்டுக்கு விட்டாள். ஓட்டுப் போட வந்தவர்கள் பதிவைப் படித்துவிட்டு, அவர்களும் நாத்தனாரைக் கூப்பிட்டுத் திட்டினார்கள்.

"அண்ணி, நம்பரை மாத்திடுங்களேன்."

"மாடு வெச்சிருக்கிறவங்க எல்லார்கிட்டயும் இந்த நம்பர்தான் இருக்கு. நான் ஏன் மாத்தணும்? அந்த ஆளு நம்பர் இருக்கா?"

அவர் ஆப்பிலேயே 'உதவிக்கு' என்று பளிச்சென்று இருந்தது. நாத்தனார் தன் போனை நோண்டினாள். தனக்கு வரும் அழைப்புகள் அத்தனையும் அந்த நம்பருக்குப் போகும்படி செய்துவிட்டு, கேட்டு வாங்கிய காப்பியை நிதானமாகக் குடித்தாள்.

காப்பி முடிவதற்குள் மாடரேட்டரின் போன் அலறியது.

"மேடம், என்ன அநியாயம் இது? கண்டவனெல்லாம் என் அம்மாவைத் திட்டுறான்!"

"யார் எதைப் பேசலாம்னு தீர்மானிக்க நான் யாரு சார்?"

"விளையாடாதீங்க! இன்னொரு போன்ல ஒருத்தர் மாடு கன்னு போட முடியாமக் கத்துதுன்னு அழறார். நான் என்ன சொல்றது?"

ஸ்பீக்கரில் இதைக் கேட்ட நாத்தனார் காப்பியைக் கீழே வைத்தாள். தம்பி பெண்டாட்டி என்றெல்லாம் பார்க்காமல் போனைப் பிடுங்கினாள். "கால் வெளியில தெரியுதான்னு கேளுங்க."

"தெரியுதாம்."

"யாரும் பிடிச்சு இழுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. எந்த இடம்னு கேளுங்க, சீக்கிரம்!"

சுதந்திரம் மூச்சு வாங்க ஒப்பித்தார். அழைப்புகளைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் நாத்தனார். மாட்டுக்காரர்களை யோசிக்காமல் செய்தோமே என்று போகிற வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள்.

"சார், மறுபடியும் ஓட்டுக்கு விடலாமா?" என்றாள் போனைத் திரும்ப எடுத்த மாடரேட்டர்.

சுதந்திரம் அவசரமாகச் சொன்னார்: "ஐயோ, வேண்டாம். மறைச்சிடறேன்."

கன்று பிழைத்தது. அழைப்புகள் குறைந்தன, அடியோடு நிற்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் கணவன் கேட்டான்: "அப்பாடா! அக்கா பத்தின பதிவை அழிச்சாச்சா?"

"மறைச்சிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

கையிலிருந்த தட்டை நங்கென்று வைத்துவிட்டு, முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தாள்.