ஷெர்லினுக்கு ஒரு நெருப்பு

கல்யாணமாகி எட்டு மாதத்தில் ஷெர்லினும் ஜோயலும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் ஒரே கம்பெனியில்தான் இருவருக்கும் வேலை. அவளுக்கு ஏ ஷிப்ட், அவனுக்கு பி ஷிப்ட். மண்ணூரில் வீடு பிடித்ததென்னவோ இரண்டு பேருக்காகத்தான். ஆனால் ஒருவர் வந்து சேரும்போது மற்றவர் வேலையில் இருப்பார், இல்லையென்றால் தூக்கத்தில் இருப்பார். மற்றபடி தினமும் மதியம் இரண்டு மணிக்கு, அவன் இறங்கிய பஸ்ஸில் அவள் ஏறுவதற்குள், கம்பெனி கேட்டுக்கு வெளியே மூன்று நிமிடக் குடித்தனம் நடக்கும்.

அதனால்தான் பி ஷிப்டின் தீயணைப்புத் தன்னார்வலர் வேலையை விட்டுப் போனதும் ஷெர்லின் கை தூக்கினாள். வேறு யாரும் தூக்கவில்லை. பயிற்சியை முடித்தால் திங்கட்கிழமை முதல் பி ஷிப்ட் என்று சேஃப்டி ஆபீசர் மணிகண்டபிரபு எழுதியே கொடுத்துவிட்டார்.

வகுப்பும் பரீட்சையும் முடிந்தாயிற்று. நிஜத் தீ ஒன்றைத் தன் கையால் அணைத்துக் காட்டுவது மட்டும்தான் பாக்கி. சனிக்கிழமை மதியம் பயிற்சியாளர் சாம்ராஜ் இரும்புத் தட்டு, டீசல் கேன், சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர் எல்லாவற்றையும் கம்பெனிக்குள் இறக்கிவைத்துவிட்டு, "பத்த வெக்கலாமா சார்?" என்றார்.

"பர்மிட் வேணும் சார்," என்றார் மணிகண்டபிரபு. "உள்ள நெருப்பு வெச்சா, டிரெய்னிங் முடிச்ச வாலண்டியர் ஒருத்தர் பக்கத்துல நின்னு கையெழுத்து போடணும்."

"கூப்பிடுங்க அவர."

"மாரிசெல்வம். அக்கா கல்யாணத்துக்கு தூத்துக்குடி போய்ட்டாரு."

"வேற யாரு கீறாங்க?"

மணிகண்டபிரபு ஷெர்லினைக் காட்டினார். "இவங்க டிரெய்னிங் முடிச்சிட்டா இவங்களே போடலாம்."

சாம்ராஜ் டீசல் கேனின் மூடியைத் திருகி மூடினார்.

"லேப்டாப்ல நெருப்பு வீடியோ கீது சார்," என்றார் மணிகண்டபிரபு. "அத அணைக்கட்டும்."

"அது சுடுமா?"

"சுடாது."

"அப்ப என் கையெழுத்தும் வராது. அடுத்த பேட்ச்சுல பாத்துக்கலாம். ஆறு மாசம் ஆகும்."

ஆறு மாதம் என்றால் இன்னும் இருபத்தாறு ஞாயிறு. ஷெர்லின் கேட்டைப் பார்த்தாள். "சார், கேட்டுக்கு வெளிய வெச்சா பர்மிட் வேணுமா?" என்றாள்.

மணிகண்டபிரபு செல்போனில் விதிமுறைகளைத் தேடிப் பார்த்தார். வெளியே என்ன எரிந்தாலும் கம்பெனிக்குச் சம்பந்தமில்லை.

எதிரே டீக்கடையை ஒட்டிய காலி மனையில் தட்டு போய் உட்கார்ந்தது. கம்பெனிக்குள் தீப்பெட்டிக்கும் தடை என்பதால் டீக்கடை சுந்தராம்பாளிடம் கேட்டார்கள்.

"அணைக்கறதுக்கு எதுக்குமா பத்த வெக்கறீங்க? சும்மா வுட்டா ஆவாதா?" என்று கேட்டுக்கொண்டே அவள் தீப்பெட்டியைக் கொடுத்தாள்.

தீ இடுப்பளவு எழுந்தது. ஷெர்லின் காற்றுக்கு முதுகு காட்டி நின்று சிலிண்டரின் ஊசியை உருவுவதற்குள் சாலையில் எம்-சாண்ட் லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் மண்வெட்டியோடு குதித்து நாலு வீச்சு மணலில் தீயை மூடினார்.

"பொம்பள ஒண்டியா போராடுது, ரெண்டு ஆம்பள கைய கட்டிக்கினு நிக்கிறீங்க," என்று சொல்லிவிட்டு, நன்றியைக்கூட எதிர்பார்க்காமல் போய்விட்டார்.

தட்டைச் சுரண்டிக் கழுவினார்கள். கேனில் இன்னும் ஒரு தீக்குத்தான் டீசல் இருந்தது. அது பற்றி எரியவும் பி ஷிப்ட் பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. நாற்பது பேர் இறங்கி ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் தண்ணீர் பாட்டில், ஒருவர் கையில் கோணிச்சாக்கு. பஸ் டிரைவர் ராமன் வண்டியின் சிலிண்டரையே கழற்றிக்கொண்டு வந்தார்.

எல்லாரையும் முந்திக்கொண்டு வந்த ஜோயல், தட்டையும் மனைவியின் முகத்தையும் ஒருதரம் பார்த்தான். அப்படியே திரும்பி இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்தான்.

"யாரும் கிட்ட போவாதீங்க. அது என் பொண்டாட்டி நெருப்பு."

கூட்டம் நின்றது. "இன்னா ஜோயலு, வூட்ல சண்டையா?" என்றார் ராமன்.

"சண்ட போட எங்கண்ணா நேரம்? இத அவ அணைச்சாத்தான் எங்களுக்கு ஒரே ஷிப்ட்."

விஷயம் பின்வரிசை வரைக்கும் போயிற்று. அதன் பிறகு நாற்பது பேரும் கைகோத்து வட்டமாக நின்று, சாலையில் வண்டியை நிறுத்தப் பார்த்தவர்களை எல்லாம் "போங்க, போங்க, நல்லாத்தான் எரியுது" என்று அனுப்பிவைத்தார்கள்.

ஷெர்லின் ஊசியை உருவினாள். குழாயைத் தீயின் அடியைப் பார்த்துப் பிடித்தாள். அழுத்தி, இடமும் வலமுமாக வீசினாள். தீ படுத்தது, ஓரத்தில் ஒரு நாக்கு மறுபடி எழுந்தது. அவள் ஓர் அடி முன்னால் வைத்து இன்னொரு வீச்சு வீசினாள். அவ்வளவுதான்.

காற்று சற்றே திரும்பியதில் வெள்ளைப் பொடி ஜோயலையும் அவளையும் சேர்த்து மூடியது. சாம்ராஜ் சிலிண்டர் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. அவன் கேட்டை நோக்கி ஓடினான், அவள் பஸ்ஸில் ஏறினாள். பாதி வழியில் அவன் நின்று திரும்பி, "திங்கக்கெழம ஜன்னல் சீட்டு எனக்கு," என்றான்.

"நெருப்ப அணைச்சது யாரு?"

"மறிச்சு நின்னது யாரு?"

பஸ் நகர்ந்தது. ஷெர்லின் தலையை வெளியே நீட்டி, எட்டு மாதத்தில் முதல் முறையாக, "அத வூட்ல பேசிக்கலாம்," என்றாள்.