பாடை போகும் அகலம்

இராஜாங்கம் பண்ணை வீட்டிலிருந்து திரும்பியபோது அப்பாவைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தியிருந்தார்கள்.

“என்னப்பா சொன்னாரு?” என்றார் சித்தப்பா சிங்காரவேலு.

அவனை அனுப்பியதே அவர்தான். சென்னையில் விண்வெளிப் பொறியியல் முதுநிலை படிக்கிறவன், தந்தி கண்டு ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவனை முகம் கழுவக்கூட விடவில்லை. படித்த பிள்ளை கேட்டால் பண்ணையார் தியாகராசன் வழி விடுவார் என்று ஒரு நப்பாசை. பயிர் நிற்கும்போது பண்ணை வயலில் பிணம் போகக்கூடாது. சுடுகாட்டுக்குக் கழுத்தளவு வாய்க்காலில் இறங்கித்தான் போக வேண்டும். போன வருஷம் இதே தெருப் பொன்னுத்தாயின் பாடை அதில் சரிந்து, உடம்பைத் துழாவித்தான் எடுத்தார்கள்.

“ராக்கெட்டுக்குத்தானே படிக்கிறே, உங்கப்பன வயலுக்கு மேலாலயே கொண்டுபோயிடேன்னாரு.”

கோபப்படக்கூட யாருக்கும் தெம்பில்லை. ஒரு செயற்கைக்கோள் குறைந்த எரிபொருளில் போய்ச் சேரும் வழியை அவன் மூன்று மாதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். அந்தப் படிப்பு இன்று செல்லாக்காசு.

“வேற வழியில்ல. வாய்க்கால்தான்” என்றார் சித்தப்பா.

“அவர நனைய விடமாட்டேன்.” அம்மா காத்தாயி எழுந்து, கூரையில் செருகியிருந்த கருக்கரிவாளை உருவினாள். “நம்ம வயல் வழியா போவலாம்.”

பத்து வருஷம் கொடி பிடித்து, இரண்டு முறை ஜெயிலுக்கும் போய், நில உச்சவரம்பு உபரியில் அப்பா வாங்கிய ஒரு ஏக்கர் அது. தெருவுக்குப் பின்னால் தொடங்கிச் சுடுகாட்டு மேட்டில் முடியும் ஒடுங்கிய நிலம். வரப்பில் ஒருவர்தான் நடக்கலாம். சொந்தமாக அவர் செய்த முதல் வெள்ளாமை, இப்போதுதான் பால் பிடித்திருந்தது.

“அறுப்புக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே, அண்ணி!”

அம்மா வயலில் இறங்கிவிட்டாள். இராஜாங்கமும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொரு அரிவாளோடு இறங்கினான்.

“எவ்வளவு அகலம்மா?”

“பாடையும், ரெண்டு பக்கமும் ஆளும் போற அகலம்.”

பத்துப் பிடி அறுப்பதற்குள் அவன் விரல் கிழிந்தது. பாதி வயலில் அவனுக்கு அழுகை வந்தது. அம்மா நிமிரவே இல்லை.

அப்பா நனையாமல் போய்ச் சேர்ந்தார்.

கொள்ளி வைத்துவிட்டு வந்தபோது, அறுத்ததையெல்லாம் அம்மா மாட்டுக்காகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அடுத்த போகத்துல இதையும் சேத்து நட்டுடலாம்மா.”

“மத்ததெல்லாம் நடு. இது இப்பிடியே கெடக்கட்டும்டா. நானும் போவணும்ல?”

அவன் குனிந்து, பயிர்க்கட்டைத் தூக்கி அவள் தலையில் வைத்தான்.