வேறெதுவும் வராத பெட்டி

ராஜகுமாரி வீட்டுவேலை பார்த்த கொடைக்கானல் பங்களாவை விற்றுவிட்டுப் போன முதலாளியம்மா, போகும்போது ஒரு கட்டு இசைத்தட்டுகளை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். பாட்டே இல்லாத வெறும் பியானோ. அங்கே விளக்குமாறும் கையுமாக நின்று கேட்டதோடு சரி. இனி தன் வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்குத்தான் பிளேயர் வாங்கப் புருஷனோடு கடைக்கு வந்திருந்தாள்.

வீடு மன்னவனூரில். அவள் சம்பளத்தில் வாங்கிய எதுவும் அங்கே அவளிடம் தங்கியதில்லை. மிக்சி ஒட்டன்சத்திரத்து நாத்தனாரோடு போனது. ரேடியோ பூண்டுக் கொட்டகைக்குப் போனது. பூண்டுக்குப் புகை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆம்பளைகளுக்குப் பொழுது போக வேண்டாமா! கேட்டால், பொதுச் சாமான் என்பார்கள். அவள் வாங்கினால் மட்டும் எப்படித்தான் எல்லாம் பொதுவாகிவிடுமோ!

கடைக்காரர் சூட்கேஸ் மாதிரி ஒன்றைத் திறந்து காட்டினார்.

"இத எடுத்துக்கோங்கக்கா. ரேடியோ, பென்டிரைவ், புளூடூத் எல்லாம் வரும். ஸ்பீக்கரும் உள்ளயே இருக்கு."

அவள் புருஷன் கோகுல்ராஜ் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். "வெயிட்டே இல்ல புள்ள. கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போக வாகா இருக்கும்."

வாங்கும் முன்பே போய்விட்டது! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேல்தட்டில் இருந்த கறுப்புப் பிளேயரைக் காட்டினாள்.

"அதுல என்னங்க வரும்?"

"அதுல தட்டு மட்டுந்தான்க்கா சுத்தும். ஸ்பீக்கர் கெடையாது. ஹெட்போன் மாட்டி ஒரு ஆள் கேக்கலாம்."

"ரேடியோ?"

"வராது."

"பென்டிரைவ்?"

"வராதுக்கா. சும்மா அங்கயும் இங்கயும் தூக்கவும் கூடாது. முள்ளு கெட்டுரும். வச்ச எடத்துலயே கெடக்கணும்."

ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"இதையே போடுங்க. ஹெட்போனும் ஒண்ணு."

"கிறுக்கு புடிச்சிருக்கா?" என்றான் கோகுல்ராஜ். "ஒரு ஆளு கேக்குறதுக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி?"

"ஆமா. அந்த ஒரு ஆளு நாந்தான்."

பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அடுப்படியை எட்டிக்கூடப் பார்க்காமல், தட்டைச் சுழலவிட்டு, முள்ளை மெல்ல இறக்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கொட்டகைக்குக் கிளம்பிய கோகுல்ராஜ் வாசலில் தயங்கி நின்றான். பிறகு வந்து அவள் தோளைத் தொட்டான்.

"நானும் ஒருவாட்டி கேட்டுப் பாக்கட்டா?"

ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கி, "இந்தப் பக்கம் முடியட்டும்" என்றாள்.

அவன் காத்திருந்தான். அந்தப் பக்கம் முடிந்தது. ராஜகுமாரி எழுந்து, தட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டுவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.