பிரேக் இல்லாத வண்டி

பத்திரிகையை வாசித்து முடித்ததும் அருமைராசாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவர் பராமரிக்கும் கட்டிடத்தின் மூன்றாம் மாடிக் கிழவரைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். கிழவர் டன்ஸ்டன், ஐம்பதுகளில் ஆஸ்திரேலியாவின் மண் தடங்களில் பந்தய மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பெயர் வாங்கியவர். எட்டு வருடப் பந்தயத்துக்கு நாலே வரி. மிச்சமெல்லாம் 1958இல் நடந்த ஒரு விபத்து. முன்னால் போன டன்ஸ்டன் பயந்து பிரேக் பிடித்தாராம், பின்னால் வந்த மச்சினன் மோதிச் செத்தானாம். சொன்னது வேறு யாருமில்லை, டன்ஸ்டனின் மகள் கத்தரின்.

"உங்களுக்கேன் அந்த வீட்டுக் கதை?" என்றாள் மனைவி செல்வமலர்.

"பிரேக்காம், பிரேக். படத்தை வடிவாப் பாரும்."

யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடம் கராஜ் வைத்திருந்த கண் அது. கட்டுரையோடு போட்டிருந்த பந்தயப் படத்தில், வண்டியின் வலது கைப்பிடியில் பிரேக் லிவர் இல்லை. காலடியில் மிதியும் இல்லை. அந்த வண்டிகளுக்குப் பிரேக்கே வைப்பதில்லை. இதை அச்சடித்தவனுக்குக் கண் பிடரியிலா இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை டன்ஸ்டனுக்கு எண்பதாவது பிறந்தநாள். ஹீட்டர் பார்க்கிற சாட்டில் அருமைராசா மேலே போனார். கத்தரின் அந்தக் கட்டுரையையே கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"அம்மா கடைசி வரை மன்னிக்கவில்லை. நான் மன்னித்துவிட்டேன், அப்பா."

அருமைராசாவால் பொறுக்க முடியவில்லை. கண்ணாடியில் விரலை ஊன்றினார்.

"பிரேக் எங்கே? காட்டுங்கள்."

கத்தரின் கோபமாகத்தான் குனிந்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"அப்படியென்றால் என்ன நடந்தது, அப்பா?"

"என்ஜின் இறுகிப் பின்சக்கரம் நின்றுவிட்டது. உன் அம்மாவிடம் ஆயிரம் தடவை சொன்னேன். தம்பியைப் பறிகொடுத்தவள், கேட்கவில்லை. கைக்குழந்தை உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து இந்த ஊருக்கு வந்துவிட்டாள். உன்னைப் பார்ப்பதற்காகப் பந்தயத்தை விட்டுவிட்டு நானும் வந்தேன்."

"பத்திரிகையில் திருத்தம் போடச் சொல்கிறேன்."

டன்ஸ்டன் மேசையில் ஓங்கிக் குத்தினார். கேக் தட்டு கீழே விழுந்தது.

"யாருக்குத் திருத்தம்? வாசிக்க வேண்டியவள் செத்துப் பதினொரு வருடம்."