இரண்டு பூட்டு

அப்பாவின் கழுத்துக் கயிற்றைச் சியூரி சமையலறைக் கத்தரிக்கோலால் அறுத்துக்கொண்டிருந்தாள். வியர்வை ஏறித் தோல்போல இறுகிப்போன கயிறு. முனையில் அதிதூதர் கோவில் சாவி.

"ஒத்தச் சாவிய வச்சு என்ன பண்ணப்போற?" என்றாள் சவப்பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்துவீட்டு நார்கிசா.

"மாமாகிட்ட போறேன்."

"ஜான்சுக்கா? வருவாரு, வருவாரு. சாவுச் சேதி சொல்லப் போனவனுக்கு ஒரு வாய் சாராயம்கூடக் குடுக்கலையாம்."

சியூரி சாவியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இரண்டு பனிக்காலம் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்த முதுகு அவளுடையது. நேற்று மத்தியானம் அவர் கடைசியாகப் பேசியதும் இதைத்தான்: "என்னைத் தூதர் முன்னால வச்சு எடுங்க. மாமாகிட்ட போய்க் கேளு. கெஞ்சாத."

அந்த மலைக்கிராமத்தில் மற்றவர்களின் பெட்டி கோவில் முற்றத்தோடு நின்றுவிடும். சாவி வைத்திருந்தவர்கள் மட்டும் உள்ளே போய், வெள்ளித்தகடு போர்த்திய அதிதூதர் படத்தின் முன்னால் சிறிது நேரம் கிடந்துவிட்டுத்தான் மண்ணுக்குப் போவார்கள்.

ஓடையைத் தாண்டிச் சேற்றில் ஏறினாள். அம்மாவின் தம்பி ஜான்சுக் கொட்டிலில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"மாமா, சாவி வேணும்."

"எதுக்கு? துரோகி வீட்டுச் சாவி பட்டா உங்கப்பனுக்குத் தீட்டு."

அந்தச் சண்டை ஊருக்கே தெரியும். பழைய கதை ஒன்றிலிருந்து வந்தது. கோவிலுக்கு ஒரே பூட்டு இருந்த காலத்தில் கணவாய் தாண்டிக் கொள்ளைக்காரர்கள் வந்தார்களாம். சாவிக்காரன் உயிருக்குப் பயந்து கதவைத் திறந்துவிட்டானாம். உள்ளே நுழைந்தவர்களின் கண்ணைத் தூதர் பறித்துக்கொள்ள, அவர்கள் வெளியே வர வாசல் தெரியாமல் சுவரைத் தடவித் தடவியே விறைத்துச் செத்தார்களாம். அதற்குப் பிறகு இரண்டு பூட்டு, இரண்டு வீடு. திறந்துவிட்டவன் எந்த வீட்டுக்காரன் என்பது மட்டும் கதையில் இல்லை. தலைநகரிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர் அதைக் கேட்டபோது, போதையிலிருந்த அப்பா மச்சினன் வீட்டைக் கைகாட்டினார். அன்றைக்கே ஜான்சுக் தூதரின் முன்னால் சத்தியம் செய்தார், இந்த ஆயுசில் அக்கா புருஷன் பிமுர்சாவோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று. தூதரிடம் செய்த சத்தியத்தை மீறி யாரும் நன்றாக இருந்ததில்லை.

அதனால் ஒவ்வொரு திருநாளுக்கும் இருவரும் ஊமைகளாக வந்தார்கள். கதவு தொங்கிப்போயிருந்தது. அப்பா தோளைக் கொடுத்துத் தூக்குவார், மாமா கீழ்ப்பூட்டைத் திறப்பார், பிறகு அப்பா மேல்பூட்டை.

"திறந்துவிட்டது எங்க வீட்டு ஆளாவே இருக்கட்டும் மாமா," என்றாள் சியூரி.

அவர் கையிலிருந்த புல்வாரி நின்றது. "அவன் சொன்னானா?"

"இல்ல. நான்தான் சொல்றேன்."

"அதானே பாத்தேன். செத்தாலும் சொல்லமாட்டான் அவன்."

அவள் கொட்டில் நிலையில் சாய்ந்துகொண்டாள். "கால் வலிக்குது மாமா. அவர் கெஞ்சாதன்னு சொன்னாரு. கெஞ்சத் தெம்பும் இல்ல. வந்தா வாங்க."

இறங்கி வந்துவிட்டாள்.

கோவில் வாசலில் பெட்டியைத் தோளில் வைத்திருந்தவர்கள் கால் மாற்றி நின்றார்கள். தூறல் விழத் தொடங்கியது. முற்றத்திலேயே இறக்கிவிடலாமா என்று ஒருவன் கேட்டான். அப்போது கூட்டம் விலகியது. ஜான்சுக் சலவைச் சட்டை போட்டிருந்தார். பெட்டியைப் பார்க்காமல் நேராகக் கதவுக்குப் போய்க் கீழ்ப்பூட்டில் சாவியை நுழைத்தார்.

திருப்பவில்லை. அப்படியே நின்றார்.

"திருப்புங்க பெரியவரே, தோள் விட்டுப்போகுது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் சாவியைப் பிடித்தபடி பக்கத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அப்பாவின் தோள் பட்டுப் பட்டு ஒரு இடம் மட்டும் தேய்ந்து மினுங்கியது.

சியூரி தன் சாவியைப் பல்லில் கவ்விக்கொண்டு முன்னால் போனாள். அந்த இடம் அவளுக்கு உயரம். குதிகாலைத் தூக்கி நின்று தோளைக் கொடுத்தாள். கதவு அசைந்தது. பூட்டு கரகரத்துத் திரும்பியது.

"போதும், இறக்கு," என்றார் மாமா, அப்பாவிடம் சொல்வதுபோல அந்தப் பலகையைப் பார்த்தபடியே.

அவள் உடனே இறக்கவில்லை.