நினைவுச் சாய்தளம்

"சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் நீங்க வீட்டை விட்டு வெளிய வராம இருந்தா பெரிய உதவியா இருக்கும், டெஸ்மண்ட்."

சொல்லிவிட்டு டாரன் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தான், குடிக்கவில்லை. ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் நடுவே பழங்குடி மக்கள் வாழும் கூலிபா ஊற்றுக் குடியிருப்புக்கு அரசாங்கம் அனுப்பிவைத்த மேலாளர்களில் இவன் எத்தனையாவது என்று யாருக்கும் நினைவில்லை. எல்லோரும் வெள்ளைக்காரர்கள், எல்லோருக்கும் இதே சிரிப்பு. அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த நோலீன் சட்டியை ஓங்கி வைத்த சத்தத்தில் வாசலில் படுத்திருந்த நாய்கள் எழுந்து நின்றன.

"எங்கண்ணன் ஏன் வரக் கூடாது? யார் வீட்டுலயாவது திருடினாரா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்ல நோலீன். அன்னிக்கு... அவரோட நினைவு நிகழ்ச்சி. டார்வின்லேருந்து அமைச்சரம்மா வராங்க."

டெஸ்மண்ட் சக்கர நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவனையே பார்த்தான். சர்க்கரை நோய் அவனுடைய இரண்டு கால்களையும் முழங்காலோடு வாங்கிக்கொண்டது, சிறுநீரகத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகர ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் டயாலிசிஸில் கிடந்தவன், சிகிச்சை வண்டி இப்போது இந்தப் பக்கமும் வரத் தொடங்கியதால் இந்த வாரம்தான் வீடு திரும்பியிருந்தான். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட தங்கை நோலீனும் திரும்பியிருந்தாள்.

நடந்தது இதுதான். அதே ஆஸ்பத்திரியில் அதே பெயருள்ள வேறொரு மனிதர் இறந்துபோனார். சேதி பாலைவனம் தாண்டி ஊருக்கு வந்துசேர்ந்தபோது செத்தது இவன் என்றாகிவிட்டது. செத்தவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது, அவர் குரலைக் காதால் கேட்கக் கூடாது. அதுதான் இந்த மண்ணின் மரியாதை. ஊர் வானொலி அவன் பாட்டுகளை நிறுத்தியது. அவனோடு ட்ரம் வாசிக்கும் லெஸ்டர், பெரியப்பா மகன், தலையை மழித்துக்கொண்டான். நோலீன் தொலைபேசியில் கத்திய பிறகுதான் ஊர் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. மழித்த தலையைக் காட்டி லெஸ்டரைக் கேலி செய்யாத பெண் இல்லை. டாரனின் அலுவலகத்துக்கு மட்டும், அவன் செத்தவனாகவே இருப்பது வசதியாக இருந்தது.

"உனக்கும் நான்தானே போன் போட்டேன்?" என்றாள் நோலீன். "உயிரோட இருக்காருன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. ஆனா அதுக்குள்ள கான்கிரீட் போட்டாச்சு."

"என்ன கான்கிரீட்?" டெஸ்மண்ட் நிமிர்ந்தான்.

"ரேம்ப். ஊர்க்கூடத்து வாசல் மேடைக்கு நாற்காலி ஏற. உங்க நினைவா."

அந்தச் சாய்தளத்துக்காக டெஸ்மண்ட் ஏறாத அலுவலகம் இல்லை; ஏற முடியாத அலுவலகங்களின் வாசலில் நின்று கத்தியிருக்கிறான். வானொலியில் பேசினான். கூட்டம், ஓட்டு, சினிமா எல்லாம் அந்தக் கூடத்தில்தான்; உள்ளே போக வாசல் மேடையின் படிகளில் ஏறியாக வேண்டும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட மனிதர்கள் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார்கள். அவன் நிலைமை அதைவிடக் கேவலம். அவனுடைய குழு மேடையில் வாசிக்கும். அவன் கீழே செம்மண்ணில், நீளமான வயரில் கித்தாரை மாட்டிக்கொண்டு, தன் குழுவின் பூட்ஸ் கால்களைப் பார்த்தபடி பாடுவான். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

"செத்தா சிமெண்ட் வரும்னு ஒருத்தராவது சொல்லியிருக்கலாமேப்பா," என்றான் டெஸ்மண்ட். "எப்பவோ செத்திருப்பேன்."

டாரன் சிரிக்கப் பார்த்தான். "அமைச்சர் திரும்பிப் போனதும் ஞாயித்துக்கிழமையிலேருந்து நீங்க இஷ்டம்போல ஏறலாம், இறங்கலாம். அன்னிக்கு மட்டும்... அவங்க கண்கலங்கப் பேசுறதுக்கு எழுதி வச்சிருக்காங்க. நீங்க எதிர்ல உட்கார்ந்திருந்தா எப்படி?"

டெஸ்மண்ட் அவன் முகத்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டான். ஆனாலும் வெட்கங்கெட்ட மனசு அந்த மேடைக்கு ஓடியது. லெஸ்டருக்குப் பக்கத்தில், அவன் உயரத்தில், அவன் முகத்தைப் பார்த்து ஒரு பாட்டு. அதற்காக எதையும் விழுங்கத் தயாராக இருந்தான், செத்தவனாக ஒளிந்துகிடப்பதைத் தவிர.

"சனிக்கிழமை வரேன்," என்றான். "டீ ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்பு."

சனிக்கிழமை ஊரே கூடியது. மேடையில் அமைச்சர் கறுப்பு உடையில், ஒரு மலர்மாலைக்குப் பக்கத்தில் நின்றார்; பின்னால் டெஸ்மண்டின் குழு வாத்தியங்களோடு காத்திருந்தது. நாம் இழந்த மாபெரும் கலைஞர் என்றார், அவர் கனவு இன்று நனவாகிறது என்றார், குரல் தழுதழுத்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அமைச்சர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். பெண்கள் பாவாடையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதும் அவர் கண்ணுக்கு அழுகையாகத்தான் பட்டது.

"எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா..."

"எனக்காகவா? நானும் இருக்கணுமா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் ஒன்றாக வெடித்தது. கூட்டம் வழிவிட, நோலீன் தள்ள, டெஸ்மண்ட் மடியில் கித்தாரோடு வந்தான். டாரன் அமைச்சரின் காதில் ஏதோ முணுமுணுத்தான். அமைச்சர் வெளிறி, சிவந்து, கடைசியில் கைதட்டினார். அரசியல்வாதி அல்லவா, படம் எடுப்பவர்கள் பக்கம் திரும்பவும் மறக்கவில்லை.

"அற்புதம்! மேல வாங்க, வாங்க! இது உங்க ரேம்ப்!"

அதை மூடியிருந்த துணியை டாரன் இழுத்தான். வழவழவென்று வெள்ளையடித்த சாய்தளம், பக்கவாட்டில் பித்தளைப் பலகை. டெஸ்மண்ட் தங்கையின் கையை விலக்கிவிட்டு, தானே சக்கரத்தைப் பிடித்து உந்தினான். கொஞ்சம் ஏறியது. இன்னும் உந்தினான். முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது, நாற்காலி பின்னால் சாய்ந்து சறுக்கியது. நோலீன் பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் மண்டை பிளந்திருக்கும். மாடியேறும் ஏணிபோல அவ்வளவு செங்குத்து. மேலே முடிகிற இடத்தில் ஒரு படி வேறு. நீளமாகக் கட்டியிருந்தால் டாரனின் வண்டி நிற்கும் நிழற்கூரையை இடிக்க வேண்டியிருக்கும்; அதனால் நீளத்தைச் சுருக்கிவிட்டார்கள். கட்டியவர்களில் ஒருவனுக்கும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து ஏற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. ஏறிப் பார்க்க வேண்டியவன்தான் செத்துவிட்டானே!

"தூக்குங்க, நாலு பேர் வந்து தூக்குங்க அவரை!" என்று அமைச்சர் பதறினார்.

இளைஞர்கள் ஓடிவந்தார்கள். டெஸ்மண்ட் கையை உயர்த்தினான்.

"வேணாம்டா. நான் இன்னும் பொணமாகல."

அடிவாரத்திலேயே நாற்காலியைத் திருப்பி, மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினான். பிரேக்கைப் போட்டான். "லெஸ்டர், வயரைப் போடு," என்றான்.

மேலே லெஸ்டர் வயரைத் தேடவில்லை. குச்சிகளைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு பெரிய ட்ரம்மைத் தூக்கினான். படிகளில் இறங்கி வந்து அதைச் செம்மண்ணில், டெஸ்மண்டுக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு பேஸ் கித்தார்க்காரன் இறங்கினான். கீபோர்டை இரண்டு பேர் சேர்ந்து இறக்கினார்கள். மைக்கும் வந்தது. கூட்டம் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தது. மேடையில் மலர்மாலையும் அமைச்சரும் மட்டும் மிச்சம்.

டாரன் வியர்த்து வழிந்தபடி நோலீனிடம் வந்து குனிந்தான். "சரியாத்தான் இருக்கும்னு நினைச்சோம். இதை இடிச்சிட்டு வேற கட்டிடலாம். அடுத்த வருஷம் கண்டிப்பா..."

"கட்டு," என்றாள் நோலீன். "இந்தத் தடவை யார் சாகணும்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடு. நாங்க பேசி முடிவு பண்ணிக்கிறோம்."